வயிறு இரையும் சத்தம்

"வயிறு இரையுதா ராசா?" என்று கேட்டபடியே ஜெயராணி கட்டிலோரம் உட்கார்ந்து, செம்பியனின் வயிற்றில் காதை வைத்தாள்.

"இன்னா பாட்டு ஓடுது?" என்றான் அவன். காய்ச்சலில் உதடுகள் வெடித்திருந்தன.

"சும்மா இருய்யா. கேக்க உடு."

"பாத்தியா இளமதி. எனக்கு அனலா கொதிக்குது, அம்மா ரேடியோ கேக்குது."

தலைமாட்டில் நின்ற அவன் மனைவி இளமதி சிரிக்கவில்லை.

சென்னையில் அவனுக்குக் குடல் மாற்று அறுவை சிகிச்சை நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஞாயிறுதோறும் ஜெயராணி கடலூரில் பஸ் ஏறி, சுறாப்புட்டு டப்பாவோடு கீரப்பாளையத்தில் அவன் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவன் தின்று முடித்ததும் இப்படித்தான் காதை வைப்பாள். இரைந்தால் அவள் முகம் தெளியும். அதன் பிறகுதான் தான் சாப்பிடுவாள்.

இன்று சிதம்பரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்த வயிறு உப்பி, அசைவில்லாமல் கிடந்தது.

"இரையலியே," என்றாள்.

டாக்டர் சத்யப்பிரியா பெண்கள் இருவரையும் வராந்தாவுக்கு அழைத்தார். அவர் இங்கே பணிக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

"குடல்ல துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினோமே, ரிசல்ட் வந்துடுச்சு. சிறுகுடலோட உள்சுவர்ல சளி சுரக்குற செல்லுங்க இருக்கும். சாப்பாடு உரசாம, கிருமி ஒட்டாம அந்தச் சளிதான் காப்பாத்தும். அதுக்கு அடியில, சின்னச் சின்ன குழிக்குள்ள, கிருமியைக் கொல்ற நீர் சுரக்குற செல்லுங்க இருக்கும். ரெண்டுமே அழிஞ்சுட்டு வருது. பொருத்தின குடலை அவர் உடம்பு ஏத்துக்கலை. காவல் இல்லாத சுவரைத் தாண்டி கிருமி ரத்தத்துக்குப் போகுது. காய்ச்சல் அதனாலதான்."

"மருந்த ஜாஸ்தி பண்ணிப் பாக்கலாமா?" என்றாள் இளமதி.

"பாத்தாச்சும்மா. கேக்கலை."

"ஒண்ணு ரெண்டு கூடவா மிச்சம் இல்ல?" ஜெயராணி குறுக்கிட்டாள். "குழிக்குள்ளார எங்கனா ஒளிஞ்சிருக்கும். நல்லா பாருங்க."

"அங்கங்க கொஞ்சம் இருக்கு."

"அப்ப உசுரு இருக்குதுல்ல."

"அது பத்தாதும்மா. இன்னிக்கே சென்னைக்குக் கொண்டுபோய் அந்தக் குடலை எடுத்துடணும். அப்புறம் வாயால சாப்பிட முடியாது, ரத்தக்குழாய் வழியாத்தான் சத்து ஏத்தணும். ஆனா பொழைச்சுக்குவார். விட்டா ஆள் தங்க மாட்டார்."

ஜெயராணி டாக்டரின் அருகே வந்தாள்.

"எடுத்தத என்னா பண்ணுவாங்க?"

டாக்டருக்குக் கேள்வி விளங்கவில்லை. "டெஸ்ட் பண்ணிட்டு எரிச்சுடுவாங்க."

ஜெயராணி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடுக்காதீங்கம்மா. இன்னும் ஒரு வாரம் உட்டுப் பாருங்க. உங்க கால்ல வுழறேன்."

"என்னம்மா பேசுறீங்க?" டாக்டரின் குரல் உயர்ந்தது. "உங்களுக்குக் குடல் பெருசா, புள்ள பெருசா?"

இளமதி ஜெயராணியைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

"இவுங்க எங்க வூட்டுக்காரரப் பெத்தவங்க இல்ல டாக்டர். பைக் விபத்துல மூளைச்சாவு ஆகி, இந்தக் குடலத் தானமா தந்த பையனோட அம்மா. அந்தப் பையனோட உடம்புல, இவுங்களுக்குத் தெரிஞ்சு இன்னும் உசுரோட இருக்குறது அந்தக் குடல் மட்டுந்தான்."