பொழுதுபடும் நேரத்து விழிப்பு

பாலையூற்று வீட்டுக்குள் மஞ்சள் வெயில் சாய்கிறது. துறைமுகப் பக்கமிருந்து ஆறு மணிச் சங்கு கேட்டதும், பகலெல்லாம் துவண்டு கிடந்த பத்து வயது ஹனா, யாரோ தட்டியெழுப்பியதுபோல் எழுந்து உட்காருகிறாள். சோறு போடும் உம்மா நஸ்மியாவின் கை அப்படியே நிற்கிறது. இவளைச் சுமந்த மாதங்களில் இதே சங்குக்குத்தான் அவள் மீன் தொழிற்சாலைக்கு ஓடினாள், விடியும்வரை வேலை. "பிள்ளைக்கு ரத்தத்தில சீனி கூடியிருக்கு. வயித்தில இருக்கேக்க இரவு வேலை செஞ்சீங்களா? தாய்க்கு இரவு பகல் மாறினா வயித்துப் பிள்ளையின்ர உடம்புக்கும் மாறலாம், அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்," என்றார் காலையில் டொக்டர். "ஓம்," என்றாள் நஸ்மியா. இப்போது பாதிச் சோற்றைப் பானைக்குள் திருப்பிப் போடுகிறாள். "உம்மா, எனக்கு இப்பதான் விடியுது," என்று சிரிக்கிறாள் பிள்ளை. அவளுக்குப் பின்னால் யன்னல் இருண்டுகொண்டு வருகிறது.