ரெண்டு பேர் ஜாமீன்

"நாராயணசாமி, நீங்க இப்ப டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க. கேமரா முன்னாடியே உக்காரணும். வீட்டை விட்டு ஓரடி நகரக் கூடாது."

செல்போனுக்குள்ளிருந்து அதட்டியவர் டெல்லி போலீஸ் அதிகாரியாம். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முறுக்கு மீசை, பின்னால் ஒரு கொடி. களமருதூர் நாராயணசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றார். அவர் பெயருக்கு வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம். உர மூட்டையைத் தவிர அவர் பெயருக்கு எதுவும் வந்ததில்லை. இருந்தாலும் டெல்லியில் இருப்பவர் சும்மா சொல்வாரா?

கேஸைவிட அவரைக் கலக்கியது வேறு விஷயம். பதினோரு மணிக்குத் தியாகதுருகத்திலிருந்து மகள் கோகிலவாணியைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஏற்கெனவே மூன்று வரன் தட்டிப்போய்விட்டது. இந்த மாப்பிள்ளை தீனதயாளனுக்கு வடக்கே ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. லீவு கிடைக்காததால், அவன் அம்மா ஆயம்மாள்தான் அவன் போட்டோவை எடுத்துக்கொண்டு வருகிறார். வரும்போது பெண்ணின் அப்பா அரெஸ்ட்டில் இருந்தால் யார் சம்பந்தம் வைத்துக்கொள்வார்கள்?

பாதி பின்னிய ஜடையோடு கோகிலவாணி எட்டிப் பார்த்தாள். "அப்பா, இது திருட்டுப் பசங்க வேல. கட் பண்ணுங்க."

"நீ சும்மா இரும்மா. மாப்ள வூட்டுக்காரங்க வர்ற நேரத்துல போலீச பகச்சிக்க சொல்றியா?"

கல்யாணத்துக்கு என்று பேங்க்கில் இருக்கும் பணத்தை கோர்ட் டெபாசிட்டாக உடனே கட்டச் சொன்னார் அதிகாரி. போனில் அனுப்பத் தெரியாது, பேங்க்கில் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு என்று பணிவாகச் சொன்னார் நாராயணசாமி.

"அப்ப போய் கட்டுங்க."

"பேங்க்கு உளுந்தூர்பேட்டையில இருக்குதுங்க. நீங்கதான் ஓரடி நகரக் கூடாதுன்னுட்டீங்களே."

அதிகாரி தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். பிறகு, பேங்க்குக்குப் போய்வர மட்டும் ஜாமீன் தருவதாகச் சொன்னார். அதிகாரி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அங்கேதான்.

மச்சானின் வரப்புத் தகராறு கேஸுக்காக இரண்டு மாதம் கோர்ட்டு வாசலில் நின்றவர் நாராயணசாமி. ஜாமீன் என்றால் என்ன என்பது அவருக்கு அத்துப்படி. இரண்டு பேர் வர வேண்டும், ஆளுக்கொரு ரேஷன் கார்டும் வீட்டு வரி ரசீதும் வேண்டும். மனைவி அமிர்தம் ஓடிப்போய் அக்கம்பக்கத்து வீட்டு முனியனையும் தங்கமணியையும் அழைத்துவந்தார். அவர்கள் பின்னாலேயே தெருவில் பாதி வந்துவிட்டது. அரெஸ்ட் ஆனவரைப் பார்க்க வெறுங்கையோடு வரலாமா என்று வாழைப்பழமும் ரொட்டியுமாக வந்தார்கள்.

முனியனுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "முன்னல்லாம் ஜீப்புல ஏத்திக்கினு போவாங்க. இப்ப பாரு, வூடும் நம்ம வூடு, சோறும் நம்ம சோறு. கெவர்மெண்டுக்கு எவ்ளோ மிச்சம்." மாட்டுக்குத் தண்ணி காட்ட மட்டும் விட்டால் இதில் ஒரு குறையும் இல்லை என்று மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

தங்கமணி தன் ரசீதை கேமராவுக்கு நேரே பிடித்தான். பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது, கிளம்பலாம் என்றார் அதிகாரி. நாராயணசாமி விடவில்லை.

"நல்லா பாருங்க சார். அது போன வருசத்து ரசீது. கோர்ட்ல ஒத்துக்க மாட்டாங்க."

"யோவ், இன்னாயா நீ? நான்தான் ஒத்துக்கினேன்ல!"

கூடியிருந்தவர்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டெல்லியிலும் நம்ம பக்கத்துப் பேச்சு பேசுகிற அதிகாரி இருக்கிறாரே என்று பூரித்துப்போனார்கள். நாராயணசாமிக்குக்கூட அவர்மேல் பாசம் வந்தது. அப்பேர்ப்பட்டவருக்குப் பழைய ரசீதைக் கொடுப்பது நியாயம் இல்லை என்று, புது ரசீது எடுத்துவரத் தங்கமணியை வீட்டுக்கு விரட்டினார்.

அவன் வெளியே ஓடவும் வாசலில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

நாராயணசாமி எல்லோரையும் தோட்டத்துப் பக்கம் தள்ளிக் கதவைச் சாத்தினார். போனை சாமி மாடத்தில் படங்களுக்கு நடுவில் நிற்கவைத்து, துண்டால் மூடினார். கட் பண்ண மனசு வரவில்லை, சட்டம் சட்டம்தானே.

ஆயம்மாள் வந்து பாயில் உட்கார்ந்தார். அமிர்தம் கொடுத்த தண்ணீர்ச் சொம்பை வாங்கி வாயருகே கொண்டுபோனார்.

"நாராயணசாமி! இன்னா பண்ணிக்கினு கீற? துண்ட எடுய்யா!" என்றது சாமி மாடம்.

"டி.வி.ங்க" என்றார் நாராயணசாமி.

ஆயம்மாள் சொம்பைக் கீழே வைத்தார். எழுந்துபோய்த் துண்டை எடுத்தார். நாலாவது வரனும் போயிற்று என்று நாராயணசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

ஆயம்மாள் போனைக் கையில் எடுத்து, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"ஏன்டா தீனா, போலீஸ்ல சேந்தத பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்லல. பொண்ணு வூட்டுக்கு மட்டும் மொதல்லயே போன் பண்ணி சொல்லிட்டியா?"