ஆறாவது இருக்கை

கையுறையைக் கழற்றாமலேயே கையை நீட்டி, டீச்சர் கொண்டுவந்த பட்டியலை வாங்கிக்கொண்டாள் மேடை அலங்காரக்காரி. ஒரு மரியாதைக்காவது கழற்றக் கூடாதா என்று டீச்சருக்குச் சுருக்கென்றது. ஆனால் முறைத்துக்கொள்கிற நிலைமையில் அவள் இல்லை. அவள் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. ஏற்கெனவே இரண்டு பேர் அந்தப் பட்டியலைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். நாள் முழுக்கச் சூடான பசையோட மல்லுக்கட்டுற பொழப்பு," என்றாள் அலங்காரக்காரி. பட்டறை எங்கும் தெர்மாகோல் தூள். யாருடைய பிறந்தநாளுக்கோ செய்த யானை ஒன்று மூலையில் தும்பிக்கை இல்லாமல் நின்றது.

"அவரு அந்த விண்கப்பல் படங்களுக்குப் பைத்தியம்க்கா. வசனத்தையெல்லாம் மனப்பாடமா ஒப்பிப்பாரு. கல்யாண மேடை அப்படியே அந்தக் கப்பலாட்டம் இருக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு." டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "சரியா வரலன்னா கல்யாணமே வேணாம்னுட்டாரு. ரெண்டு நாளா போன்கூட எடுக்கல."

முப்பத்தாறு வயதில் தகைந்த வரன். வந்தவர்கள் எல்லாம் தங்கையைப் பார்த்துவிட்டுப் போன வீட்டில், இவளுக்காகவே வந்த முதல் ஆள். "ரோபோ வேஷம் கட்டச் சொன்னாலும் வாயை மூடிக்கிட்டுக் கட்டிக்கோ" என்று அம்மாவே சொல்லிவிட்டாள்.

அலங்காரக்காரி முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக, விரலை ஓட்டி ஓட்டிப் படித்தாள்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கே. மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"லிப்ட் மெக்கானிக் அக்கா. எதைச் செஞ்சாலும் அளவெடுத்த மாதிரி இருக்கும்." டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை.

"மூணாவது பாகத்துலேர்ந்து ஒண்ணுமே எடுக்கக் கூடாதுன்னு எழுதியிருப்பாரே?"

டீச்சர் வாயைப் பிளந்தாள். அது தாளின் பின்பக்கத்தில் இருந்தது. அலங்காரக்காரி இன்னும் தாளைத் திருப்பவே இல்லை.

"ஆமாக்கா! அது அவ்வளவு மட்டமாம், மூணாவதுன்னு ஒரு படமே வரலம்பாரு. நீங்களும் இந்தப் படத்துப் பைத்தியமா?"

"எங்க வீட்ல ஒருத்தர் இருந்தாரு."

அந்த 'இருந்தாரு' டீச்சரை என்னவோ செய்தது. பாவம், புருஷனைப் பறிகொடுத்தவள் போலிருக்கிறது. கையுறைக்காகக் கோபப்பட்டதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அலங்காரக்காரி பட்டியலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பொண்ணு கண்ணாடிப் பெட்டிக்குள்ள தூங்கணும், மாப்பிள்ளை வந்து திறந்து எழுப்பணும். செஞ்சிடலாம். ஆனா படத்துல அந்தப் பெட்டியை உள்ளேயிருந்தும் திறக்கலாமே. இவரு தாழ்ப்பாளை வெளியில மட்டும் வைக்கச் சொல்லியிருக்காரு?"

"அதுதான் பார்க்க நல்லா இருக்குமாம்." சொன்ன பிறகு டீச்சருக்கே அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

"கடைசியில இது என்ன, ஆறாவது இருக்கை?"

டீச்சரின் கண் கலங்கிவிட்டது. "படத்துல செத்துப்போன ஆறாவது மாலுமிக்காக ஒரு இருக்கையைக் காலியா விட்டு, மேல நீல விளக்கு போடுவாங்கல்ல, அதான். அவருக்கு இது ரெண்டாம் கல்யாணம்க்கா. முதல் சம்சாரம் ஏதோ விபத்துல போயிட்டாங்க. ஒரு போட்டோகூட மிஞ்சலையாம். அவங்க ஞாபகமா மேடையில அந்த இருக்கை இருக்கணும்னாரு. இப்படி ஒரு மனுஷன் கிடைக்க நான் கொடுத்து வெச்சிருக்கணும்."

அலங்காரக்காரி பட்டியலை நான்காக மடித்தாள்.

"என்ன விபத்துன்னு கேட்டீங்களா?"

"கேட்டா அவரு மூஞ்சியே மாறிடும். அப்புறம் நாலு நாள் பேச மாட்டாரு. அதனால கேக்கிறதையே விட்டுட்டேன். அக்கா, நீங்களும் முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. உங்களை விட்டா எனக்கு வேற ஆளில்ல."

அலங்காரக்காரி பட்டியலை மேஜை மேல் வைத்தாள். வலக்கைக் கையுறையின் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றினாள். அடுத்து இடக்கை. பிறகு சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டாள்.

டீச்சர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். விரல் நுனியிலிருந்து முழங்கைவரை தோல் வெந்து சுருங்கிக் கிடந்தது. இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. எந்தப் பசையும் இப்படிச் சுடாது.

"தீப்பிடிச்ச அன்னிக்குச் சமையல்கட்டுக் கதவுலயும் தாழ்ப்பாள் வெளியிலதான் போட்டிருந்துச்சு," என்றாள் அலங்காரக்காரி.

மேஜை மேல் டீச்சரின் போன் அடித்தது. இரண்டு நாளாக அவள் கண் பூத்துக் காத்திருந்த அழைப்பு. திரையில் அவருடைய சிரித்த முகம். டீச்சரின் கை அதன் பக்கம் போகவில்லை.

அலங்காரக்காரி போனை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"பேசுங்க டீச்சர். அந்த இருக்கை காலியா இருக்காது, நான் இன்னும் சாகலன்னு சொல்லுங்க."