பன்னிரண்டாம் நாற்காலி

"எனக்கு வேண்டாம்னா வேண்டாம். விடு."

"என்னத்தை விடுறது? போன வாரமே லிஸ்ட் ஒட்டிட்டாங்க. சபையே பார்த்தாச்சு. இப்பப் போய்..."

"பார்த்தா பார்க்கட்டும். நான் உட்கார மாட்டேன்."

ஆலயத்தை ஒட்டிய சின்ன அறையில், அங்கி மாட்டும் ஆணிகளுக்குக் கீழே, புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முடிக்குமுன் மற்றவராகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி போட்டாயிற்று. பதினொன்றில் ஆள் வந்துவிட்டது. இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதுபோல, இன்று போதகர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவப் போகிறார்.

"ரெண்டு வருஷமா வீட்டுல இருக்கீங்க. நான் வேலை செய்யிற இடத்துல, கடையில, எங்க போனாலும் தலை குனிஞ்சுதான் நிக்கிறேன். இன்னைக்கு ஒரு நாள் நிமிர்ந்து உட்காரலாம்னு பார்த்தா..."

அவர் ரொட்டி வண்டி ஓட்டினவர். திடீரென்று ஒருநாள் சாவியை முதலாளி மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு எவ்வளவு தூரமானாலும் நடைதான். சபையில் 'கால்நடை' என்று கேலிப் பெயரே உண்டு. யாரும் சொல்லாமலே ஆலயத்துக் கழிப்பறையைக் கழுவுவார். கூட்டம் முடிந்ததும் எல்லாருடைய எச்சில் தம்ளரையும் பொறுக்கி எடுப்பார்.

சபைச் செயலாளர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "பார்த்தீங்களா, இதுதான் தாழ்மை! லிஸ்ட்டுல பேர் வரலைன்னு எங்கிட்டச் சண்டைக்கு வந்தவங்க ஏழு பேர். வந்துடுச்சேன்னு சண்டை போடுறவர் இவர் ஒருத்தர்தான்."

"தாழ்மையா? வீட்டுல சாப்பிட்ட தட்டை ஒருநாள் எடுத்து வெச்சிருப்பாரா, கேளுங்க!" கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள் மனைவி. பிறகு புருஷனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. எழுந்து போய்ப் பன்னிரண்டாம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

போதகர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் முட்டிபோட்டு வந்தார். மகளை அடக்கம் செய்த நாளிலிருந்து அவர் உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. அவள் வழக்கமாக உட்கார்ந்திருந்த முதல் பெஞ்சின் ஓரத்தில் இன்றும் யாரும் உட்காரவில்லை.

கடைசி நாற்காலிக்கு வந்ததும் சபையைத் திரும்பிப் பார்த்தார். "தாழ்மைன்னா என்னன்னு உங்களுக்கு நான் பிரசங்கம் பண்ணினேன். எனக்குச் செஞ்சு காட்டினது இந்த அண்ணன்தான்."

மூன்றாம் வரிசையில் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ரொட்டி வண்டிக்காரர் இடது காலை எடுத்துத் தண்ணீரில் வைத்தார். வலது கால் நாற்காலிக்கு அடியில் போய்விட்டது.

"அந்தக் கால், அண்ணே."

"ஒண்ணு போதுங்கய்யா."

"ஏன், அடிகிடி பட்டிருக்கா?"

"இல்லைங்கய்யா. அது வேண்டாம்."

"தாழ்மை எல்லாத்தையும் நீங்களே வெச்சுக்கிட்டா எப்படி? எனக்கும் கொஞ்சம் கொடுங்க."

சபையில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. போதகரே அந்தக் காலை இழுத்து வைத்து, தண்ணீர் ஊற்றி, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். குழந்தையின் காலைத் துடைப்பதுபோலத் துண்டால் ஒற்றினார். பிறகு, மற்றவர்களுக்குச் செய்ததுபோலவே, முத்தமிடக் குனிந்தார்.

ரொட்டி வண்டிக்காரர் இரண்டு கைகளாலும் அவர் தோளைப் பிடித்துத் தடுத்தார்.

"வேண்டாங்கய்யா... உங்க பொண்ணை இடிச்சிட்டு, நிறுத்தாம ஆக்சிலேட்டரை மிதிச்ச கால் இது."