பின் ஸீட்

"சார், இதை மாட்டினா பின்னாடி உட்கார்றவங்களுக்குக் கால் வைக்க இடமே இருக்காது. பரவாயில்லையா?"

ஸ்பானரும் கையுமாக அப்ரார் கேட்டார்.

"பின் ஃபுட்ரெஸ்ட்டைக் கழட்டிடுங்க பாய். பின்னாடி யாரும் உட்காரப் போறதில்ல" என்றார் ரங்கநாதன்.

தென்னூரில் இருக்கும் அப்ராரின் ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்போர்ட்ஸ் பைக்கோடு வருகிறவர்கள் பெரும்பாலும் காலேஜ் பையன்கள். ரங்கநாதனுக்கோ காதோரம் முழுக்க நரை. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை, ஸ்ரீரங்கத்தில் வீடு. அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரியர் செட் பெட்டியோடு வந்து நின்றது அப்ராருக்கு வியப்பாகத்தான் இருந்தது.

கம்பெனி கொடுத்த ஃபுட்ரெஸ்ட், கியர் லீவர், பிரேக் பெடல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அவற்றைப் பின்னுக்கும் மேலுக்கும் தள்ளி வைக்கிற செட் அது. முழங்கால் மடங்கும், முதுகு குனியும். டேங்க்கோடு ஒட்டிக்கொண்டு பறக்கலாம்.

"முட்டி வலிக்கும் சார், இந்த வயசுல."

"வலிச்சா வலிக்கட்டும். எனக்கு இப்ப வேகம்தான் வேணும் பாய். வேற வழியில்ல."

அவர் அதைச் சொன்ன விதம் அப்ராருக்கு என்னவோ போலிருந்தது.

பின்பக்கத்து ஃபுட்ரெஸ்ட் கழன்று தரையில் விழுந்தது. ரங்கநாதன் குனிந்து அதை எடுத்தார். கைக்குட்டையால் துடைத்தார். கீழே வைக்க மனசில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இதுல கால் ஊணித்தான் ஆனந்தவள்ளி ஏறுவா."

"உங்க வீட்டுக்காரம்மாவா சார்?"

"ஆமா. கல்யாணமான புதுசுல எங்கிட்ட ஒரு ஓட்டை பைக் இருந்துச்சு. அப்ப இருந்தே ஞாயித்துக்கிழமைன்னா சமயபுரம் போயிடுவோம். வழியில இருக்கிற கடைப் பேரையெல்லாம் சத்தமாப் படிச்சுக்கிட்டே வருவா. கொள்ளிடம் பாலம் வந்தா தோள்ல ஒரு தட்டு. மெதுவாப் போங்க, தண்ணி வந்திருக்கான்னு பார்க்கணும்பா. வந்திருந்தா அன்னைக்கெல்லாம் சிரிப்புத்தான். வெறும் மணலா இருந்தா, கோயில் போய்ச் சேர்ற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டா."

அப்ராரின் ஸ்பானர் நின்றுவிட்டது.

"நான் பிரேக் அடிச்சேன்னா அவ ஹெல்மெட் என் ஹெல்மெட்ல டொக்குன்னு இடிக்கும். எத்தனை வருஷமானாலும் அதுக்கு ரெண்டு பேரும் சிரிப்போம் பாய். போன ஆயுத பூஜையிலேர்ந்து பின் ஸீட் காலி. இப்ப பிரேக் அடிச்சா ஒரு சத்தமும் இல்ல."

"மனசைத் தேத்திக்குங்க சார்" என்றார் அப்ரார்.

"தேத்திக்கத்தானே இதை மாட்டச் சொல்றேன்!"

அப்ராருக்கு யோசனையாக இருந்தது. மனைவியை இழந்த மனிதர், வேகம்தான் வேணும் என்கிறார். இதை மாட்டிக் கொடுப்பது சரிதானா? ஆனால் நாம் மறுத்தால் அடுத்த கடைக்குப் போவார். நாமே செய்தால் ஒழுங்காகவாவது செய்யலாம். போல்ட்டுகளை ஒன்றுக்கு இரண்டு தடவை முடுக்கினார்.

வேலைக்கு நடுவே திடீரென்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். காலையில்தான் அவர் மனைவி பஸீலா, உறையூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் விடச் சொல்லியிருந்தாள். ஆட்டோ பிடிச்சுப் போயேன் என்று எரிந்து விழுந்துவிட்டு வந்திருந்தார்.

"பஸீலா, ஆட்டோவெல்லாம் வேணாம். மத்தியானம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"என்னங்க, உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்றாள் அவள்.

திரும்பி வந்து ரங்கநாதனை வண்டியில் உட்கார வைத்தார். ஷூ நுனி கியர் லீவருக்கு அடியில் நுழையவில்லை. லீவரைக் கொஞ்சம் உயர்த்தினார். பின் பிரேக்கை மிதித்தால் சிவப்பு விளக்கு எரியவில்லை. சுவிட்சின் ஸ்பிரிங்கை இழுத்து மாட்டியதும் பளிச்சென்று எரிந்தது.

"காவிரிப் பாலம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. மெதுவா சார்!"

வண்டி போனதிலிருந்து அப்ராருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எந்தச் சத்தம் கேட்டாலும் தெருவை எட்டிப் பார்த்தார். ஒருவழியாக ரங்கநாதன் முகமெல்லாம் சிரிப்பாக வந்து இறங்கினார்.

"வளைவுல சாய்ஞ்சாலும் ஃபுட்ரெஸ்ட் தரையில உரசவே இல்ல பாய்! கியர் வெண்ணெய் மாதிரி விழுது."

"சார், தம்பி மாதிரி ஒண்ணு சொல்றேன்" என்று அப்ரார் அவர் கையைப் பிடித்தார். "போனவங்களை நினைச்சுக்கிட்டு வேகமாப் போகாதீங்க. உங்களை நம்பிப் பிள்ளைங்க இருக்கும்..."

அவர் முடிப்பதற்குள், பச்சை நிற ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்று தெருமுனையில் சாய்ந்து திரும்பி, வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்த பெண்மணி ஹெல்மெட்டைக் கழற்றி, நரைத்த பின்னலை முதுகுக்குத் தள்ளினார்.

"மாட்டியாச்சாங்க? நான் முன்னாடி போறேன், சமயபுரம் வர்றதுக்குள்ள என்னைப் பிடிங்க பார்ப்போம்!"

பச்சை வண்டி சீறிக் கிளம்பிவிட்டது. ரங்கநாதன் அவசர அவசரமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"இவதான் பாய் ஆனந்தவள்ளி! ஆயுத பூஜைக்குச் சொந்தமா வண்டி எடுத்ததிலேர்ந்து என் பின்னாடி உட்காரவே மாட்டேங்கிறா. வழி விடுங்க!"