மேல் ஓரம்

கதை முடிந்துவிட்டது. ராஜன் மடக்கிய ஓரத்தை மட்டும் காணோம்.

பாக்கியலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். கடைசிப் பக்கத்தின் மேல் ஓரம் மடிப்பேதும் இல்லாமல் நேராக இருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கும் ராஜனுக்கும் ஒரே புத்தகம்தான். அவர் மேல் ஓரத்தை மடக்குவார், இவள் கீழ் ஓரத்தை. எப்போதும் அவர் நாலு பக்கம் முன்னால் இருப்பார். “நான் முன்னாடி போயி பாம்பு கீம்பு கெடக்கான்னு பாக்கறேன், நீ பைய வா” என்பார்.

இந்தப் புத்தகத்தில் பாதி தாண்டியபோதுதான் அவர் போய்ச் சேர்ந்தார்.

மாசக்கணக்கில் அதை அவள் தொடவில்லை. பிறகு ஒருநாள் எடுத்து, அவர் மடக்கிய பக்கம்வரைக்கும் படித்து மூடினாள். அதற்கப்பால் போவது அவரை வழியில் விட்டுவிட்டுப் போவதாகும்.

மறுநாள் திறந்தால், மேல் மடிப்பு நாலு பக்கம் தள்ளிப் போயிருந்தது. பழைய மடிப்பை நிமிர்த்தி நகத்தால் நீவிவிட்டிருந்தது.

அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் நின்றுபோகும் என்று பயம்.

அன்றிலிருந்து இப்படித்தான். இவள் எட்டிப் பிடிப்பாள். விடிந்தால் மடிப்பு முன்னே போயிருக்கும்.

மருமகள் மஞ்சுஷா அதே கதையை டேப்லெட்டில் இறக்கிக் கொடுத்தாள். “எழுத்தெ எத்தர வேணும்னாலும் பெருசாக்கலாம் அம்மே.” பாக்கியலக்ஷ்மி அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, அணைத்து அலமாரிமேல் வைத்துவிட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் எட்டிப் பிடித்தபோது கதையில் கொஞ்சம்தான் பாக்கி. இன்றைக்கு அதுவும் தீர்ந்துபோயிற்று.

இன்னும் ஒரு தாளைப் புரட்டினாள். பதிப்பகத்தாரின் புத்தகப் பட்டியல். அதன் மேல் ஓரம் மடங்கியிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும்.

மஞ்சுஷா! மலையாளம் மட்டும் படித்த பிள்ளை. கதை எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்று அதுக்கு எப்படித் தெரியும்? எண்ணி நாலு பக்கம் தள்ளி மடக்கிவிட்டது. மகனோ துபாயில். வீட்டில் வேறு யார்?

ஆக, ராஜன் அன்றைக்கே போய்விட்டார். இத்தனை நாளும் இவள் மருமகள் பின்னாலேயே நடந்திருக்கிறாள்.

“மஞ்சூ...” என்று கூப்பிட்டுக்கொண்டே அடுக்களைக்குப் போனாள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அடுக்களையில், ஜன்னல் வழியே வரும் மட்டாஞ்சேரிக் கிடங்குகளின் சுக்கு வாசனைதான் இருந்தது. கழுவிக் கவிழ்த்த சாயா கிளாஸ், ஒன்றே ஒன்று.

அப்போதுதான் உறைத்தது. மஞ்சுஷா வெள்ளிக்கிழமையே பாலக்காட்டுக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போயாயிற்று. நேற்று ராத்திரி வீட்டில் இவள் மட்டும்தான்.

போன் அடித்தது.

“அம்மே, ஒத்தைக்கு இருக்க பயமா இருக்கா? நாளைக்கு வந்துருவேன்.”

பாக்கியலக்ஷ்மி புத்தகத்தைப் பார்த்தாள். மடிப்பின் நுனி, பட்டியலில் ஒரு நாவலின் பெயரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“வர்றப்போ ஒரு கதப் பொஸ்தகம் வாங்கிட்டு வா மோளே. பேரு சொல்றேன்.”

“டேப்புல இப்பவே இறக்கித் தரட்டா?”

“அதுல ஓரம் கெடையாதே. அவரு எங்க மடக்குவாரு?”