கிள்ளான் கிளையின் கறுப்பு ஆடு

பொதுத்தேர்தலில் தோற்றதைக்கூட கிளைத் தலைவர் வைரமணி தாங்கிக்கொண்டார். அமிர்தநாதனிடம் தோற்றதைத்தான் தாங்க முடியவில்லை. இதே கிளையில் செயலாளராக இருந்தவன், எதிர்க்கட்சிக்குத் தாவி அவரையே மண்ணைக் கவ்வ வைத்துவிட்டான்.

தோல்விக்குக் காரணம் தேட இன்று கூட்டம்.

"நாம எங்க பிரசார செராமா கூட்டம் வச்சாலும், அவன் மொத நாளே அங்க மேடை போட்டுட்டான். நமக்குள்ளதான் ஒரு கறுப்பு ஆடு இருக்கு!"

வைரமணியின் பார்வை பொருளாளர் குணாளன்மேல் நின்றது.

"பிரிக்பீல்ட்ஸ்ல அவன்கூட உக்காந்து சாப்பிட்டியாமே?"

"அது கல்யாண விருந்து, தலைவரே! நீங்களும் அதே பந்தியிலதானே இருந்தீங்க?"

"பேசாத! லோஜினி, இவனை மொதல்ல வாட்சாப் குரூப்ல இருந்து தூக்கும்மா."

புதிய செயலாளர் லோஜினி செல்பேசியை எடுத்தாள். பிறகு மெல்லக் கீழே வைத்தாள்.

"என்னால முடியாது, அங்கிள்."

"ஓ! நீயும் கூட்டா?"

"அட்மின்தான் தூக்க முடியும், அங்கிள்."

"அப்ப அட்மின்கிட்ட சொல்லு லா! யாரு அது?"

"குரூப்பை ஆரம்பிச்சவர்தான்... அமிர்தநாதன் அண்ணன்."

வைரமணி பதறிப்போய்த் தம் செல்பேசியைத் திறந்தார். 'நாளைக்குக் கூட்டம். அமிர்தநாதனுக்கு மட்டும் தெரியவே கூடாது' என்று நேற்று அவர் குரூப்பில் போட்ட செய்தியின் கீழே ஒரே ஒரு கட்டைவிரல் உயர்ந்து நின்றது.

யாருடையது என்று தொட்டுப் பார்த்தார்.

அமிர்தநாதன்.